ப்ளீச் பண்ணின முடியில் கோளாறா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். ப்ளீச் பண்ணிக்கொள்ள வருகிறவர்களைவிட, எங்கேயோ பண்ணிவிட்டோ வீட்டிலேயே டப்பா வாங்கிக் கலக்கிப் பூசிவிட்டோ, "எக்கா, இத எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க" என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். வந்து உட்கார்ந்ததும் என்ன ஷாம்பு என்று நான் கேட்பதில்லை. எந்த ஊர், குளிக்க எந்தத் தண்ணீர் என்று கேட்பேன். வள்ளியூர்ப் பக்கம், போர் தண்ணீர் என்று பதில் வந்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். ஆற்றுத் தண்ணீர்தான் என்றால் அடுத்த கேள்வி, எதில் காய்ச்சுகிறீர்கள்? சிரிப்பார்கள். அந்தக் கேள்வி ஏன் என்று பச்சை நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முடிக்கு என்ன நடந்தது என்று நாலு வரி மட்டும். முடியின் மேல்பக்கம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் பூச்சு உண்டு. ப்ளீச் பொடியில் இருக்கும் பெர்சல்பேட் உப்பும், அதோடு கலக்கிற டெவலப்பர் திரவத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து செதிலைத் திறந்து உள்ளே போய், கறுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனினைச் சிதைக்கின்றன. போகிற போக்கில் அந்தக் கொழுப்புப் பூச்சும் போய்விடும். உள்ளே புரத இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளிலும் கொஞ்சம் அறுந்துவிடும். தாமரை இலை மாதிரி இருந்த முடி விளக்குத் திரி மாதிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் சுண்ணாம்பைக் குடிக்கும், செம்பு இருந்தால் செம்பைக் குடிக்கும், முகத்துக்கு மஞ்சள் பூசினால் அதையும் குடிக்கும்.

தலை எரிகிறது, கொப்புளம் போட்டிருக்கிறது

இது இருந்தால் மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ப்ளீச் தலையில் இருக்கும்போது எரிச்சல் தாங்க முடியாமல் போனால், "இன்னும் பத்து நிமிசம் பொறுத்தா கலர் வந்துரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை 15, 20 நிமிடம் தலையில் ஓடவிடுங்கள். வெந்நீர் வேண்டாம். லேசான சிவப்பு என்றால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். கொப்புளம், நீர் வடிவது, தொட்டால் வலி என்றால் தோல் டாக்டரிடம் போக வேண்டும். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதையும் அப்பிக்கொண்டு போகாதீர்கள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கழுவ வேண்டியிருக்கும்.

முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பினாலோ, மூச்சு இழுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பெர்சல்பேட் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் கிளப்பிவிடும். அப்படி ஒருமுறை ஆனவர்களுக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. மற்றவர்கள் ஒவ்வொரு தடவையும் டப்பாவில் சொல்லியிருக்கிற ஒவ்வாமைப் பரிசோதனையைச் செய்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்க வேண்டும்.

காய்ந்தால் வைக்கோல், நனைந்தால் சிக்கு

அதிகம் வருவது இதுதான். "முடி நாறா கெடக்கு, சீப்பே ஏற மாட்டேங்கு" என்பார்கள். ப்ளீச்சால் வந்த வறட்சி என்று நினைத்து மாஸ்க், சீரம், ஸ்பா என்று காசைக் கொட்டியிருப்பார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், தலைக்குக் குளித்ததும் பழைய கதை. குளித்ததும் மோசமாகிறது என்றால் குற்றவாளி குளியலறையில்தான் இருக்கிறது.

நம் பக்கம் தண்ணீர் இருபது கிலோமீட்டருக்கு ஒரு ருசி. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி டவுன் வரை தாமிரபரணி ஆற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு மென்மையான தண்ணீர். நாங்குநேரி தாண்டி வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை என்று தெற்கே போகப் போகப் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறு, உப்புத் தண்ணீர். பாளையங்கோட்டையிலேயே பல வீடுகளில் குடிக்க மாநகராட்சித் தண்ணீர், குளிக்க போர் தண்ணீர். வீட்டுக்காரர்களுக்கே எது எந்தக் குழாயில் வருகிறது என்று தெரியாது.

தெரிந்துகொள்வது சுலபம். பருப்பு வேக மாட்டேன் என்கிறதா? வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறதா? குழாய் வாயில் சுண்ணாம்பு படிகிறதா? இன்னும் சந்தேகம் என்றால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்ல தண்ணீர். நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தால் கடினத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பரவாயில்லை. அந்த 600-ஐக் குடித்தாலும் குடிக்கலாம், ப்ளீச் பண்ணின முடியில் ஊற்றினால் கால்சியமும் மக்னீசியமும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் போடுகிற கண்டிஷனர் அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் படியும்.

சரி, என்ன செய்வது? முதலில் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். கடையில் 'கீலேட்டிங்', 'கிளாரிஃபையிங்', 'ஹார்டு வாட்டர்' என்று பெயர் போட்ட ஷாம்பு கிடைக்கும். பின்பக்கம் பொருள் பட்டியலில் ஈடிடிஏ என்று இருக்கும், சுண்ணாம்பையும் செம்பையும் பிடித்து இழுத்து வருவது அதுதான். எல்லா ஷாம்புவிலும் அது துளி இருக்கும் என்பதால் முன்பக்கப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். இதை வாரம் ஒருமுறைக்கு மேல் போட வேண்டாம், இது முடியை வறட்டும். வெளுத்த பிறகு நிறத்தைச் சரிக்கட்ட டோனர் என்கிற லேசான சாயம் போட்டிருந்தால் அதையும் கொஞ்சம் உருவிவிடும்.

ஷாம்புவை அலசியதும், ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட், இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து முடியில் ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். திறந்து கிடக்கும் செதில் புளிப்புப் பட்டால் படியும். தலையில் புண் இருந்தால் வேண்டாம். பிறகு கண்டிஷனரை நடுமுடியிலிருந்து நுனி வரை தடவி ஐந்து நிமிடம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். 20 லிட்டர் கேன் வாங்குகிற வீட்டில் இரண்டு லிட்டர் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அந்தச் செலவும் இல்லை. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கொதிக்கவைத்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அளவுக்குக் குறையும். ஆறவைத்துத் தெளிவை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். மற்ற உப்புகள் அப்படியேதான் இருக்கும். ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் மண்ணையும் குளோரினையும் பிடிக்கும், கடினத்தன்மையைப் பெரிதாகக் குறைக்காது. அதற்கு உப்புப் போட்டுச் சுத்தம் செய்கிற சாஃப்ட்னர் வேண்டும். அது வீடு கட்டும்போது யோசிக்கிற செலவு.

இன்னொன்று. ஆண்பிள்ளைகள் பலர் உடம்புக்குப் போடுகிற சோப்பையே தலைக்கும் போட்டுவிடுகிறார்கள். பாட்டிலில் பார்த்த அந்தத் திப்பி அப்படியே முடியில் ஒட்டும். அது போதும், வேறு காரணம் தேட வேண்டாம்.

ஈரத்தில் ரப்பர் மாதிரி இழுபடுகிறது

இது வேறு கதை, இதற்குத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. ஈரமான ஒற்றை முடியை இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பி வரும். இழுக்க இழுக்க நூடுல்ஸ் மாதிரி நீண்டு திரும்பாமல் நின்றால், உள்ளே இருந்த பிணைப்புகள் ரொம்பவே அறுந்துவிட்டன என்று அர்த்தம். நீளாமலேயே பட்டென்று ஒடிந்தால் அது வறட்சி, அல்லது சுண்ணாம்பு, அல்லது புரதச் சரக்கு கூடிப்போனது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

ரப்பர் முடியை ஈரத்தில் சீவவே கூடாது. கொண்டை, சடை, ரப்பர் பேண்டு, டிரையர், ஸ்ட்ரெய்ட்னர் எதுவும் கிடையாது. துருக்கித் துண்டால் முறுக்கிப் பிழிவதும் கூடாது. ஈரிழைத் துவர்த்தால், அதாவது மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, அப்படியே காயவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும்.

ஹைட்ரோலைஸ்டு புரதம் (சின்னத் துண்டுகளாக உடைத்த புரதம்) என்று எழுதின மாஸ்க் ஒருமுறை, அடுத்த வாரம் வெறும் ஈரப்பதக் கண்டிஷனர், இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் இழுவை கொஞ்சம் குறையும். அறுந்த பிணைப்புகளைச் சேர்ப்பதற்காக பாண்ட் பில்டர் என்று விற்கிற சரக்கும் உதவும். ஆனால் பழையபடி ஆகிவிடும் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். முடி உயிரற்ற பொருள், தானாக ஆறாது. ரொம்ப மோசமான நுனியை வெட்டிவிடுவதுதான் நேர்மையான வைத்தியம். நான் கத்தரியை எடுத்தால் அழுகிறார்கள். வெட்டாமல் விட்டால் அடுத்த மாதம் அதுவே ஒடிந்து படி படியாக நிற்கும், அப்போதும் அழுவார்கள்.

முட்டை தடவலாமா? முட்டையில் புரதம் உண்டுதான், ஆனால் அந்தப் புரதம் முடிக்குள் நுழைகிற அளவு சின்னது இல்லை. மேலே பூசிக்கொண்டு நிற்கும். போதாததற்கு வெந்நீரில் அலசப் போய், முடியில் ஆம்லெட் சிக்கி வந்த பிள்ளைக்கு நான் அரை மணி நேரம் சிக்கெடுத்திருக்கிறேன். சோறு வடித்த கஞ்சியும் மேலே ஒரு மாவுப் பூச்சுதான், வைக்கோலை இன்னும் விறைப்பாக்கும். செம்பருத்தி இலையை அரைத்த தாளி தேவலை. வழுவழுப்பால் சிக்கு எடுக்க லகுவாக இருக்கும், வடிகட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆரஞ்சாக நின்றுவிட்டது

நம் கறுப்பு முடி ஒரே பாய்ச்சலில் வெள்ளையாகாது. கறுப்பு, செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் மாதிரி வெளிர் மஞ்சள். ஆரஞ்சு என்பது தப்பு நடந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

உடனே இன்னொரு டப்பா வாங்கி அன்றைக்கே மறுபடி பூசுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. ஆரஞ்சு போகவில்லை என்று 40-க்குத் தாவினவர்கள்தான் மேலே சொன்ன ரப்பர் முடியோடு வருகிறார்கள். குறைந்தது சில வாரம் இடைவெளி விட்டு, இழுத்துப் பார்க்கும் பரிசோதனையில் தேறினால் மட்டும் அடுத்த சுற்று.

அதுவரை நிறத்தை அடக்க நீல ஷாம்பு போடலாம். ஆரஞ்சுக்கு நீலம், மஞ்சளுக்குக் கத்தரிப்பூ கலர். ஊரெல்லாம் கத்தரிப்பூ கலர் ஷாம்புவைத்தான் விற்கிறார்கள், ஆரஞ்சு முடியில் அது ஒன்றும் செய்யாது. அல்லது செம்புப் பழுப்பாக ஒரு கலர் போட்டு அங்கேயே நின்றுவிடலாம். நம் நிறத்துக்கு அது நன்றாகவே இருக்கும், பராமரிப்பும் கம்மி. என்னைக் கேட்டால் பத்தில் ஏழு பேருக்கு இதைத்தான் சொல்வேன்.

மருதாணி போட்டு மறைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். வெளுத்த முடியில் மருதாணி தீயாகப் பிடிக்கும், பிறகு இறங்கவே இறங்காது. 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டுகளில் மருதாணியைவிட ரசாயனச் சாயம் அதிகமாக இருக்கலாம். சிலவற்றில் உலோக உப்புகளும் சேர்ந்திருக்கும். அதன் மேல் பிறகு ப்ளீச் வைத்தால் முடியில் சூடு கிளம்பும், புகைகூட வரும். ஏற்கெனவே மருதாணி போட்ட தலை என்றால் உள்ளே இருந்து ஒரு சின்னக் கற்றையை வெட்டி அதில் பார்த்த பிறகுதான் தலைக்கு.

மஞ்சள் ஏறிக்கொண்டே போகிறது

பார்லரில் போட்ட டோனர் நாலைந்து வாரத்தில் கழுவிப்போகும், அடியில் இருந்த மஞ்சள் தெரியும். கத்தரிப்பூ கலர் ஷாம்பு இங்கேதான் வேலை செய்யும். வேட்டிக்கு நீலம் போடுகிற அதே கணக்குதான். அளவாகப் போட்டால் வெள்ளை, கூடினால் வேட்டியே நீலம். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம், ஈர முடியில். நுனிதான் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் கடைசியாக நுனிக்கு. கணக்கு ஒன்றுதானே என்று சொட்டு நீலத்தையே தலையில் விட்டுக்கொண்டு ஒரு தம்பி வந்தான். சொட்டு நீலம் துணிக்கு மட்டும் போதும்.

ஆனால் நெற்றி ஓரத்திலும் காது பக்கமும் மட்டும் மஞ்சள் அதிகமாக இருந்தால் டோனரைக் குறை சொல்லாதீர்கள். முகத்துக்குப் பூசுகிற மஞ்சள் அது. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கிற வீடுகளில் இது சகஜம். மஞ்சள் கறை வெயிலில் மங்கும், நாலு நாளில் தானே குறையும். பூசுவதற்கு முன் முடி ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஏறாது.

எண்ணெயையும் பாருங்கள். கரிசலாங்கண்ணி, மருதாணி, செம்பருத்தி எல்லாம் போட்டு ஆச்சி காய்ச்சித் தருகிற எண்ணெய் கறுப்பு முடிக்கு அமிர்தமாக இருக்கலாம். வெளுத்த முடியில் அதன் நிறம் ஏறும். சீயக்காயும் அப்படித்தான், அழுக்குப் பழுப்பாக ஒரு சாயல் விடும். வடிகட்டாத பொடி என்றால் செதிலில் உரசவும் செய்யும்.

பச்சை தட்டுகிறது

பச்சையில் மூன்று வகை. எப்போது வந்தது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

நீல ஷாம்பு போட்ட அன்றே வந்தால், உங்கள் முடி ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளுக்குப் போய்விட்டது. மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சைதான். சாதாரண ஷாம்புவில் இரண்டு மூன்று அலசலில் போய்விடும்.

பழையபடி கறுப்போ பழுப்போ ஆக்கலாம் என்று டை அடித்து, அன்றே சேறு மாதிரி பச்சை அடித்தால், வெளுத்த முடியில் இருந்த சிவப்பும் பொன்நிறமும் காலி என்று அர்த்தம். அது இல்லாமல் நேராகச் சாம்பல் பழுப்பைப் போட்டால் இப்படித்தான் நிற்கும். முதலில் செம்பு அல்லது பொன்நிறச் சாயத்தால் அடித்தளம் போட்டு, அதன் மேல் பழுப்பு. முதல் தடவை இதை வீட்டில் செய்யாமல் தெரிந்தவர்களிடம் போவது நல்லது.

மூன்றாவது, நாளாக நாளாக நுனியிலிருந்து மெதுவாக ஏறுகிற பச்சை. இதுதான் செம்பு. எனக்கே நடந்தது. கல்யாணமான புதிதில், முன்பக்கம் நாலு கற்றை வெளுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் மாமியார் வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தேன். மூன்றாம் வாரம் அத்தை என் தலையை உற்றுப் பார்த்து, "ஏம்மா, முடியில என்ன பாசி பிடிச்சிருக்கு?" என்றார்கள். நான் டோனரைத் திட்டினேன், டோனர் விற்ற கடையைத் திட்டினேன். ஆற்றுத் தண்ணீர், சுண்ணாம்பும் கிடையாது, பிறகு என்ன? கொல்லையில் சிரட்டை போட்டு எரிக்கிற செம்பு பாய்லர் இருந்தது. ராத்திரி நிரப்பி வைத்துவிட்டு விடிகாலையில் பற்றவைப்பார்கள். ஒருநாள் குழாயைத் துடைக்கும்போது உள் விளிம்பில் பச்சையாகக் களிம்பு. அதே பச்சை.

மென்மையான தண்ணீர் செம்பில் ராத்திரியெல்லாம் நின்றால் கொஞ்சம் செம்பு கரையும். கறுப்பு முடியில் அது தெரியாது. வெளுத்த முடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் எவர்சில்வர் அண்டாவில் காய்ச்சின தண்ணீரில் குளித்தேன், புதிதாக ஏறவில்லை. கீலேட்டிங் ஷாம்பு மூன்று தடவை போட்டதும் பழைய பச்சையும் போய்விட்டது. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை இருக்கிற ஊர்ப்பக்கம் வாழ்க்கைப்பட்டுவிட்டு, செம்பில் களிம்பு ஏறும் என்பது எனக்கு அவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது. பாய்லரைத் தூக்கிப் போட வேண்டாம், அத்தை விடவும் மாட்டார்கள். புளி போட்டுத் துலக்கி, காலையில் நிரப்பி அப்போதே காய்ச்சி, தலைக்கு மட்டும் வேறு பாத்திரத் தண்ணீரை வைத்துக்கொண்டால் போதும். தாமிரபரணி என்ற பெயரைக் கேட்டு ஆற்றையும் சந்தேகப்பட வேண்டாம். ஆற்றில் குளித்து முடி பச்சையான ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கு வருவதும் இதே செம்புதான். குளோரின் என்று சொல்வார்கள், பாசி வராமலிருக்கப் போடும் செம்புச் சரக்குதான் காரணம். இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, கண்டிஷனர் தடவிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். தக்காளி சாஸ் பூசுகிற வைத்தியம் சிவப்பால் பச்சையைக் கண்ணுக்கு மறைக்கும். அதைவிடச் சாஸைத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

உடைகிறதா, உதிர்கிறதா?

சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லாருக்கும் உதிரும். அதற்கு மேல் கொத்துக் கொத்தாக என்றால், இரண்டு மூன்று மாதம் முன்பு வந்த காய்ச்சலோ பிரசவமோ காரணமாக இருக்கலாம். ப்ளீச்சைத் திட்டிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

முண்டு இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைசல். எங்கே உடைகிறது என்பதுதான் துப்பு. தலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் என்றால், பழைய ப்ளீச் மேலேயே புது ப்ளீச் பட்டிருக்கிறது. நெற்றி ஓரம், பிடரி என்றால் ஹெல்மெட்டும் இறுக்கிக் கட்டுகிற பேண்டும். ஹெல்மெட்டுக்குள் பழைய பட்டுச் சேலைத் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், சரிகை இல்லாத உடல் பகுதியாகப் பார்த்து. தலையணைக்கும் அதுவே. ஆனி, ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் முடியைப் பறக்கவிட்டால் வீட்டுக்கு வருவது முடியாக இருக்காது, தேங்காய் நாராக இருக்கும். தளர்வாகப் பின்னி உள்ளே செருகிவிடுங்கள்.

குற்றாலம் சீசனில் வருகிற உடைசலே தனி. அருவியின் அடிக்கு நேராக விரித்த தலையோடு நின்றால் கறுப்பு முடியே கயிறாகும், வெளுத்த முடியைச் சொல்லவா வேண்டும். எண்ணெய் தேய்த்து, பின்னி, முடிச்சுப் போட்டுக்கொண்டு போங்கள். அப்போதும் ஓரத்தில் நின்று தலையைக் காட்டினால் போதும்.

எண்ணெய் வைத்தால் பிசுக்கு, வைக்காவிட்டால் பறட்டை

குளித்த பின் வைப்பதைக் குளிப்பதற்கு முன் வைத்துப் பாருங்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், சேதமான முடியிலும்கூட. அதிலிருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள் போகக்கூடியது. ஆக ஆச்சி சொன்னதில் இது சரி. சுத்தத் தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, நடுமுடியிலிருந்து நுனி வரை, அரை மணி நேரமோ ராத்திரி முழுவதுமோ. பிறகு சாதாரண ஷாம்பு. கீலேட்டிங் ஷாம்பு போடுகிற நாளில் எண்ணெய் வேண்டாம்.

எண்ணெய் வைத்த முடியில் ஸ்ட்ரெய்ட்னர் படக் கூடாது. எலுமிச்சைச் சாறு பிழிந்து வெயிலில் நிற்பதும் கூடாது. அது இன்னும் வெளுக்கும், இன்னும் வறளும்.

வேரில் கறுப்பு வளர்ந்துவிட்டது

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். தலைச் சூட்டில் வேர்ப் பக்கம் ப்ளீச் வேகமாகப் பிடிக்கும், சூடு எட்டாத இடத்தில் மெதுவாகப் பிடிக்கும். கறுப்பு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டின பிறகு பூசினால் நடுவில் ஆரஞ்சுப் பட்டை நிற்பது அதனால்தான். ஒன்று, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பூசுங்கள். இல்லையென்றால் பூசவே பூசாமல், வேரிலிருந்து கீழே மெதுவாக மங்கி வருகிற மாதிரி ஒரு பழுப்பு டோனரை மட்டும் போட்டு அப்படியே வளரவிடுங்கள்.

பூசுவது என்று முடிவானால் பிளாஸ்டிக் கிண்ணம்தான், இரும்பும் செம்பும் ஆகாது. கலந்ததை மூடி போட்டு வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஏற்கெனவே வெளுத்த பாகம் முழுவதிலும் கண்டிஷனரைத் தடிப்பாக அப்பி, கறுப்பு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பின்னந்தலைக்குக் கண்ணாடி போதாது. மைனியோ தங்கச்சியோ யாராவது ஒருவர் கையில் பிரஷ்ஷைக் கொடுங்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் பழைய முடிக்குக் கோட்டைத் தாண்டி இறக்கிவிடாதவராகப் பார்த்து.